இருபது மில்லி விநாடித் துண்டுகள்

மின்னஞ்சல் மூன்று நிமிடம் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாது. யூடியூபில் படம் பத்து விநாடி நின்று சுழன்றுவிட்டு ஓடினால் எரிச்சல்தான், நஷ்டம் ஒன்றுமில்லை. விட்ட இடத்திலிருந்து ஒரு காட்சிகூடக் குறையாமல் தொடரும். பேச்சு மட்டும் அப்படியில்லை. "வீட்டை வித்துடலாமா?" என்று கேட்டதற்கு அண்ணன் உடனே "சரி" என்று சொல்லியிருப்பார். அது ஒரு விநாடி கழித்துக் காதில் விழுந்தால், மனசில்லாமல் சொல்கிறாரோ என்று தோன்றிவிடும். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு ஒலியை அனுப்பும் கலையின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான் பிறக்கின்றன. குரலுக்குப் பிழையைவிடத் தாமதம் பெரிய குற்றம்.

ஒலியை எண்ணாக மாற்றுவது இதில் எளிய பகுதி. மைக்கின் சவ்வு காற்றின் அழுத்தத்துக்கு ஏற்ப அசைகிறது. அந்த அசைவு மின்னழுத்தமாகிறது. அதை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக எழுதிவிட்டால், கேட்டு விளங்கிக்கொள்ளும் தரத்தில் தொலைபேசிக் குரல் கிடைத்துவிடும். கணக்குப் போட்டால் விநாடிக்கு 64,000 பிட். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1962-லேயே தொலைபேசி நிலையங்களுக்கு நடுவே குரலை இப்படி எண்களாக அனுப்பத் தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே ஒவ்வோர் அழைப்புக்கும் தனியாக ஒரு பாதை ஒதுக்கியிருந்தார்கள். பேசினாலும் பேசாவிட்டாலும் அந்தப் பாதை அந்த அழைப்புக்கே சொந்தம்.

கணினி வலையமைப்பில் அப்படி யாருக்கும் தனிப் பாதை கிடையாது. எல்லாருடைய தகவலும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக ஒரே கம்பியில் முண்டியடித்துக்கொண்டு போகும். இன்றைய இணையத்தின் மூதாதையான ஆர்பாநெட்டில் 1974-ல் குரலை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியவர்களுக்கு முதல் அடியிலேயே தடை. ஆர்பாநெட்டின் முக்கியக் கம்பிகள் விநாடிக்கு 50,000 பிட் கொண்டுபோகும். ஒரு மனிதக் குரலுக்கு 64,000 வேண்டும். நாடு முழுக்க உள்ள ஆய்வகங்களை இணைத்த வலையை மொத்தமாகக் காலிசெய்து கொடுத்தாலும் ஒரே ஓர் ஆள்கூடப் பேச முடியாது!

இந்த வேலைக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா அமைப்பு. முன்னின்று நடத்தியவர் பாப் கான். நோக்கம், ரகசியமாகப் பேசுவது. குரல் எண்ணாகிவிட்டால் அதைச் சங்கேதமாக்கி அனுப்பலாம், ஒட்டுக்கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. கலிஃபோர்னியாவின் மரினா டெல் ரேயில் இருந்த ஐ.எஸ்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் இதற்கான விதிமுறையை எழுதியவர் டேனி கோஹன். அதற்கு முன்பே, விமானத்தின் ஜன்னல் வழியே தெரியும் காட்சியை அந்தந்தக் கணமே கணினியில் வரையவைத்தவர் அவர். தாமதமான படம் விமானியைத் தரையில் மோதவைக்கும் என்று அறிந்தவர் கைக்குத்தான் இந்த வேலை போய்ச் சேர்ந்தது என்பது நல்ல பொருத்தம்.

64,000-ஐ எப்படிக் குறைப்பது? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஒரு கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, மூச்சை விடாமல் ஆ, ஈ, ஊ என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் சென்று பாருங்கள். விரலில் தெரியும் அதிர்வு அப்படியேதான் இருக்கும். மாறுவது நாக்கும் உதடும் சேர்ந்து அமைக்கும் குழாயின் வடிவம் மட்டும். வளர்ந்த ஆணுக்குக் குரல்வளையிலிருந்து உதடுவரை அந்தக் குழாய் சுமார் 17 சென்டிமீட்டர். இப்போது 'ஸ்ஸ்' என்று சீறிப் பாருங்கள். தொண்டையில் அதிர்வே இருக்காது, வெறும் காற்று. ஆக மனிதப் பேச்சு முழுவதும் இரண்டே மூலப்பொருள்தான். ஒன்று தொண்டையின் ரீங்காரம், மற்றொன்று காற்றின் சீறல். மிச்சமெல்லாம் குழாயின் வேலை. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று பட்டுப் பட்டு எழுத்தாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். அதில் சமன்பாடு இல்லை, அவ்வளவே.

சமன்பாடு வந்தது 1960-களில். ஜப்பானின் என்.டி.டி. ஆய்வகத்தில் இட்டாகுராவும் சைட்டோவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அட்டலும் தனித்தனியே இதற்கு வந்துசேர்ந்தார்கள். அட்டல் கான்பூரில் பிறந்தவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். நாக்கு தசையாலானது. எவ்வளவு வேகமாகப் பேசினாலும் 20 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள், அது பெரிதாக இடம் மாறிவிடாது. ஆகவே அந்தத் துண்டு நேரத்துக்குக் குழாய் அசையாமல் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். அப்படி நிற்கும் குழாயிலிருந்து வரும் ஒலியில், அடுத்த அளவு என்னவாக இருக்கும் என்பதை அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு அளவுகளை வைத்தே பெருமளவு ஊகித்துவிடலாம். அந்த ஊகத்துக்கு வேண்டிய பத்துச் சொச்சம் எண்கள், ரீங்காரமா சீறலா என்ற குறிப்பு, சுருதி, சத்தத்தின் அளவு. இவ்வளவையும் அனுப்பினால் போதும். எதிர்முனைக் கணினி, கணக்காலேயே ஒரு தொண்டையும் வாயும் செய்து, அந்தக் குறிப்பைப் பார்த்துப் பேசும்.

முதல் சோதனை 1974 ஆகஸ்டில், மரினா டெல் ரேக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லிங்கன் ஆய்வகத்துக்கும் நடுவே, வேறொரு முறையில் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில், கலிஃபோர்னியாவின் கோலீட்டாவில் இருந்த கல்லர்-ஹாரிசன் என்ற சிறு நிறுவனமும் லிங்கன் ஆய்வகமும் இந்தக் கணக்குத் தொண்டை வழியாகப் பேசிக்கொண்டன. நடுவே 4,000 கிலோமீட்டருக்கு மேல். விநாடிக்குச் செலவான பிட்டுகள் 4,000-க்கும் குறைவு. இரு பக்கமும் அந்தக் கணக்கைப் போட்டு முடிக்கத் தனிச் சிறப்பு எந்திரங்கள் தேவைப்பட்டன. நான்கே ஆண்டில், 1978-ல், அதே கணக்கு ஒரு சில்லுக்குள் அடங்கி, 'ஸ்பீக் அண்டு ஸ்பெல்' என்ற பெயரில் குழந்தைகளுக்கு ஆங்கில எழுத்துக் கூட்டல் சொல்லித் தரும் பொம்மையாகக் கடைக்கு வந்துவிட்டது.

இதைப் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. நம் ஊருக்கு முதலில் வந்த ஜி.எஸ்.எம். கைப்பேசிகள் 20 மில்லி விநாடிப் பேச்சை 260 பிட்டாகச் சுருக்கியது இந்த வம்சத்துக் கணக்கில்தான். இன்றைய கைப்பேசிகளில் இருப்பது அதன் பேரன் பேத்திகள். ஊரிலிருக்கும் அம்மாவின் குரலைக் கைப்பேசியில் கேட்கிறோமே, அந்த ஒலி நம் கைக்குள்ளேயே அந்தக் கணத்தில் உருவாக்கப்படுவது. அங்கிருந்து வந்தது குறிப்பு மட்டும். யோசித்தால் எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது.

குறிப்பு தயாரானதும் அதை அனுப்ப வேண்டும். இன்று இணைய அழைப்புகளில் பரவலாகப் புழங்குவது ஓபஸ் என்ற சுருக்கும் முறை. 2012-ல் தரப்படுத்தப்பட்டது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு ஐம்பது. அதில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். விநாடிக்கு 16,000 பிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாக்கெட்டில் இருக்கும் குரல் 40 பைட். அதற்கு மேல் 12 பைட்டில் இது எத்தனையாவது துண்டு, எந்த நேரத்தில் பேசியது, யாருடையது என்ற விவரம். அதன்மேல் 8 பைட்டில், இரு கணினிகளிலும் எந்தச் செயலிக்குப் போக வேண்டியது என்ற எண். அதற்கும் மேல் 20 பைட்டில் அனுப்புநர், பெறுநர் முகவரிகள். கூட்டினால் 40 பைட் சரக்குக்கு 40 பைட் விலாசம்! ஒரே பாக்கெட்டில் ஒரு விநாடிப் பேச்சைத் திணித்தால் விலாசச் செலவு மிச்சமாகுமே என்று கேட்கலாம். மிச்சமாகும்தான். ஆனால் அந்தப் பாக்கெட் நிரம்பும்வரை முதல் எழுத்து வாசலிலேயே காத்திருக்கும். பாதி இடத்தை விலாசத்துக்குக் கொடுத்து நாம் வாங்குவது நேரத்தை.

யாரும் பேசாதபோது என்ன அனுப்புவது? ஒன்றும் வேண்டாம். உரையாடலில் ஒவ்வொருவரும் பாதி நேரத்துக்கு மேல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பியில் 1960 வாக்கிலேயே, ஒருவர் மௌனமாகும் இடைவெளியில் இன்னொருவர் பேச்சை நுழைத்து, கம்பியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். பாக்கெட்டில் இது இன்னும் சுலபம், மௌனத்துக்குப் பாக்கெட்டே கிடையாது. ஆனால் ஒரு வினோதம். எதிர்முனையில் துளிகூடச் சத்தம் இல்லாமல் போனால், இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ, இருக்கீங்களா?" என்று கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால் மௌனம் வரும்போதெல்லாம் கேட்கும் பக்கத்துக் கணினியே மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தயாரித்து நம் காதில் விடுகிறது. அங்கே விசிறி ஓடுகிறது போல என்று நாம் நினைத்துக்கொள்ளும் சத்தம் பல நேரம் இங்கே செய்யப்பட்டது.

இனி வழியில் நடப்பது. ஆர்பாநெட் எதையும் தொலைக்காத வலை என்று பெயரெடுக்க விரும்பியது. ஒரு பாக்கெட் தவறினால் திரும்பக் கேட்டு வாங்கும், அது வந்து சேரும்வரை பின்னால் வந்தவற்றை நிறுத்திவைக்கும், பிறகு வரிசை கலையாமல் கொடுக்கும். வங்கிக் கணக்குக்கு இதுதான் தேவை. பேச்சுக்கு இதுதான் விஷம். முந்நூறு மில்லி விநாடிக்கு முன் பேசி முடித்த எழுத்து ஒன்று இப்போது வந்து என்ன பயன்? அதற்காக அதன்பின் வந்த நல்ல பாக்கெட்டுகளையும் அல்லவா நிறுத்திவைத்திருக்கிறது! கோஹன் இதைச் சொல்லி வாதாடினார். தொலைந்தால் தொலையட்டும், மிச்சத்தை உடனே கொடு என்பது அவர் கட்சி. அப்போது டி.சி.பி. என்ற ஒரே விதிமுறை பாக்கெட்டைக் கொண்டுசேர்ப்பதையும் தொலைந்ததை மீட்பதையும் சேர்த்தே செய்துவந்தது. 1978-ல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். கொண்டுசேர்ப்பதற்கு ஐ.பி., மீட்பதற்கு டி.சி.பி. மீட்பு வேண்டாம் என்பவர்களுக்காக 1980-ல் யு.டி.பி. வந்தது. ஜான் போஸ்டல் எழுதிய அந்த விதிமுறை மொத்தம் மூன்றே பக்கம். அனுப்பு, மறந்துவிடு என்பதற்கு அதற்கு மேல் என்ன எழுத இருக்கிறது? இன்றைய வீடியோ அழைப்புகளும் இணைய விளையாட்டுகளும் பெரும்பாலும் அந்த மூன்று பக்கத்தின் மேல்தான் ஓடுகின்றன. குரல் பிடித்த பிடிவாதத்தால் இணையத்தின் அஸ்திவாரமே வடிவம் மாறியது என்று சொன்னால் மிகையில்லை.

பாக்கெட்டுகள் புறப்படும்போது 20 மில்லி விநாடி இடைவெளியில் ஒழுங்காகத்தான் புறப்படுகின்றன. வந்துசேரும்போது அந்த ஒழுங்கு கிடையாது. ஒன்று 15 மில்லி விநாடியில் வரும், அடுத்தது 60 எடுத்துக்கொள்ளும், சில நேரம் பின்னது முன்னே வந்துவிடும். வந்ததை வந்தபடி ஸ்பீக்கருக்கு அனுப்பினால் பேச்சு திக்கும். அதனால் கேட்கும் கணினி ஒரு சிறு இருப்பு வைத்துக்கொள்கிறது. கார்ப்பரேஷன் தண்ணீர் எப்போது வருமோ எவ்வளவு வருமோ, மாடித் தொட்டி ஒன்று இருந்தால் குழாயில் சீராக வருகிறதல்லவா, அதே உபாயம். தொட்டி பெரிதாக இருந்தால் பேச்சு திக்காது, ஆனால் தாமதம் கூடும். சிறிதாக இருந்தால் தாமதம் குறையும், அடிக்கடி வற்றும். நல்ல செயலிகள் வரத்தைப் பார்த்து அழைப்பின் நடுவிலேயே தொட்டியின் அளவை மாற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் ஓடும் பாட்டை வைஃபை வழியாக ஹாலில் இருக்கும் ஸ்பீக்கருக்கு அனுப்பும்போது இந்தத் தலைவலி இல்லை. அங்கே இரண்டு விநாடித் தொட்டிகூட வைக்கலாம், பாட்டு கொஞ்சம் பிந்தித் தொடங்கும், அவ்வளவுதான். பாட்டோடு யாரும் உரையாடுவதில்லை.

உரையாடலுக்கு எவ்வளவு தாமதம் தாங்கும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒரு வழிக்கு 150 மில்லி விநாடி. அதற்குள் இருந்தால் பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்து மொழிகளில் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஒருவர் கேள்வியை முடித்து மற்றவர் பதிலைத் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று கண்டது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. இருந்திருந்தால், கேள்வி முடியுமுன்பே பதில் சொல்லும் நம் வழக்கத்தால் சராசரி குறைந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

சென்னையிலிருந்து டொரோண்டோவிலிருக்கும் மகளோடு பேசுகிறீர்கள். நேர்கோட்டிலேயே சுமார் 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் இழை வழியில் 65 மில்லி விநாடிக்குக் கீழே இறங்க முடியாது, கடலடி இழையோ நேர்கோட்டில் போவதும் இல்லை. அதோடு ஓபஸ் பாக்கெட் நிரம்பவும் அதைச் சுருக்கவும் சேர்த்து 26.5, தொட்டிக்கு 40 அல்லது 60, இரு பக்கமும் ஒலி உள்ளே போய் வெளியே வரக் கொஞ்சம். 150-க்குள் அடக்குவது எவ்வளவு நெருக்கடியான கணக்கு என்று தெரிகிறதா? தாண்டினால் நடப்பது நமக்குப் பழக்கமானதே. இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள். "நீ சொல்லும்மா." "இல்லப்பா, நீங்க சொல்லுங்க." மறுபடி இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள்.

தொலைந்த பாக்கெட்டுக்கு வருவோம். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் 'டப்' என்று வெட்டும். அதனால் கேட்கும் கணினி இட்டுக்கட்டுகிறது. தொலைவதற்குச் சற்றுமுன் வந்த ஒலியில் தொண்டையின் ஒரு சுற்று அதிர்வை வெட்டி எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஒட்டி இடைவெளியை நிரப்புகிறது. ஒன்றிரண்டு பாக்கெட் போனால் நமக்குத் தெரியவே தெரியாது. இந்த இட்டுக்கட்டல் நீண்டால், ஒரே அதிர்வு அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். மனிதத் தொண்டை ஒருபோதும் அவ்வளவு துல்லியமாக அதிராது. அதனால்தான் நெட்வொர்க் தடுமாறும்போது பேசுபவர் குரல் ரோபோபோல் ஆகிறது. அந்த ரோபோ அவர் இல்லை, நம் பக்கத்துக் கணினி.

இன்னொரு சிக்கலும் உண்டு. இருப்பதே பலருக்குத் தெரியாது, எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. விநாடிக்கு 48,000 அளவு என்று இரு கணினிகளும் சத்தியம் செய்திருக்கின்றன. விநாடி என்பது எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் சொல்வது அதனதன் குவார்ட்ஸ் படிகம். எந்த இரண்டு படிகமும் ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் சாதாரணம். அப்படியென்றால் விநாடிக்கு 2.4 அளவு மிகும் அல்லது குறையும். ஒரு மணி நேரத்தில் 8,640 அளவு, அதாவது 0.18 விநாடி. அனுப்பும் படிகம் வேகமானது என்றால் கேட்பவரின் தொட்டி மெல்ல மெல்ல நிரம்பி வழியும், மெதுவானது என்றால் வற்றும். நெட்வொர்க் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் இது நடக்கும். அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாருக்கும் தெரியாமல், மௌனங்களைக் கொஞ்சம் கத்தரித்தோ ஓர் அதிர்வைக் கூட்டிக் குறைத்தோ கணினி இதைச் சரிக்கட்டுகிறது. சிறு தடங்கலுக்குப் பிறகு எதிர்முனைக் குரல் கொஞ்ச நேரம் வேகமாகப் பேசுவதுபோல் வருவதும் இதே கத்தரி வேலைதான். ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்த விளையாட்டு ஆகாது. அங்கே வலையில் இணைந்த எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்துக்குத் தங்களைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

சங்கீதத்துக்கு வந்தால் எல்லா விதியும் இறுகிவிடுகிறது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையில் எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 23 மில்லி விநாடி. 25-ஐத் தாண்டினாலே சேர்ந்து வாசிப்பவர்களின் காலப்பிரமாணம் தளரத் தொடங்குகிறது. 2020 ஊரடங்கில் வித்வான் ஒரு வீட்டிலும் மிருதங்கம் வேறு ஊரிலுமாக நேரலையில் சேர முடியாமல், தனித்தனியே பதிவுசெய்து ஒட்டியதன் காரணம் இதுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஜாக்டிரிப் போன்ற மென்பொருள்கள் சுருக்கல் எதுவும் செய்யாமல், மிகச் சிறிய தொட்டியோடு, அருகருகே உள்ள ஊர்களுக்கிடையில் இதைச் சாதிக்கின்றன. சென்னைக்கும் டொரோண்டோவுக்கும் இடையில் ஒளி அனுமதிக்காது.

இணையப் பாட்டு வகுப்புகளில் இன்னொரு தொல்லை. அழைப்புச் செயலிகள் விடாமல் ஒரே மாதிரி வரும் ஒலியை இரைச்சல் என்று முடிவுகட்டி அழித்துவிடும். விசிறிக்கும் ஏ.சி.க்கும் இது நல்லது. தம்புராவும் அவற்றின் கண்ணில் விசிறிதான். பேச்சுக்கென்றே செய்த கணக்கு நீண்ட கார்வையையும் பாதியில் நறுக்கிவிடும். ஆகவே இணையம் வழியே பாட்டுச் சொல்லித் தருபவர்களும் கற்பவர்களும் மூன்று காரியம் செய்யுங்கள். செயலியின் ஒலி அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்றோ 'மியூசிக் மோட்' என்றோ இருப்பதைத் தேடி இயக்குங்கள். புளூடூத் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும், கம்பி இயர்ஃபோன் போடுங்கள். முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிளை இழுத்துக்கொள்ளுங்கள். சிஷ்யையும் குருவும் சேர்ந்து பாட அப்போதும் முடியாது. மாறிமாறிப் பாடலாம், சுருதி கேட்கும்.